பொங்காலைக் கல் வைத்த பூங்கா

போன வாரம் அஸ்வதி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். நகர வடிவமைப்பு அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். புதிதாக வரப்போகும் ஒரு பூங்காவை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் நாமே நடந்து போவதுபோல் காட்டியிருந்தாள். இலை அசைகிறது, நிழல் நகர்கிறது, நீரூற்று பொங்குகிறது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அதில் நடமாடும் மனிதர்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தனை பேரும் ஆறடி உயரம். ஒருவருக்கும் வியர்க்கவில்லை. ஒருவர் கையிலும் குடை இல்லை. திருவனந்தபுரத்தில் குடையில்லாமல் நிம்மதியாக நடக்கும் ஜனத்தை என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்ததில்லை.

உடனே போன் போட்டேன். "அஸ்வதி, இவங்கெல்லாம் எந்த வார்டு? நம்ம ஓட்டர் பட்டியல்ல இருக்காங்களா?"

"சேச்சி களியாக்காதீங்க. ஆளுங்களை சாஃப்ட்வேர் தானா போடறதாக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற ஒரு சம்சயம் சேச்சி. குளத்துவிளை பார்க் சேச்சி டிசைன் செய்ததுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன். வாசல் கல்வெட்டுல ஊர்ப்பட்ட பேரு இருக்கு. சேச்சி பேரு மட்டும் எங்கேயும் இல்லல்லோ?" என்று கேட்டாள்.

"இருக்கு. நீ போன நாள் சரியில்லை" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற சங்கதியும் அல்ல. "எழுதித் தாங்க சேச்சி, ஆபீஸ்ல எல்லாரும் வாசிப்போம்" என்றாள். சரி, எழுதிவிடுகிறேன். என் பெருமையை நானே பேசுகிறேன் என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். ஜெயித்த கதையைத் தோற்றதுபோல் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

நான் போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் அங்கே கொழுந்து பறித்தவர்கள். வித்துராவுக்கு பஸ் பிடித்து மலையாளத்தில் பள்ளிக்கூடம் படித்து, நகரத்துக்கு இறங்கி பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்து, பரீட்சை எழுதி, அரசு வேலையில் சேர்ந்தேன். ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன். அந்த வாக்கியத்துக்குள் எத்தனை மழை, எத்தனை தவறவிட்ட பஸ் என்பது எனக்குத் தெரியும். அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

தோட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் சமதரை என்று இருந்தது, தொழிற்சாலைக்கு முன்னால் இருந்த பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்புவார்களே, அதற்குப் பெரட்டு என்று பெயர். சாயங்காலம் அதே களத்தில் பந்து விளையாடுவார்கள். கல்யாணம் என்றால் பந்தல் அங்கேதான். யாராவது போய்விட்டால் பாடை கிளம்புவதும் அங்கிருந்துதான். பாலிடெக்னிக்கில் 'பல்நோக்கு வெளி' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி வாத்தியார் விளக்கியபோது, இதற்கா இவ்வளவு பெரிய பெயர் என்று நினைத்தேன்.

வேலையில் எனக்கு வாய்த்த மேலதிகாரி வெங்கிடாசலம் சார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். கோடையிலும் கறுப்புக் குடை, தோள்பையில் டிபன் டப்பா, டப்பாவுக்கு அடியில் ஒரு சுருள் கயிறு. அந்தக் கயிறில்லாமல் அவரை நான் கண்டதில்லை. வரைபடத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்புவார். "வாசல் வழியா மட்டுந்தான் மனுஷா வருவான்னு உனக்கு யார் சொன்னா? பின்பக்கத்துலேர்ந்து வரவாளுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு மூக்குப்பொடி போட்டுக்கொள்வார். நாம் பதில் தேடுவதற்குள் ஒரு தும்மலும் வந்துவிடும். பாராட்டு என்பது அவர் அகராதியில் ஒரே ஒரு சொல்: "தரக்கேடில்லை." அதாவது, மோசமில்லை. அதை வாங்குவதற்கே அலுவலகத்தில் ஆட்கள் தவம் கிடந்தார்கள். 'நன்னாருக்கு' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கயிற்றின் கதை இதுதான். எந்தப் பூங்காவாக இருந்தாலும் வரைபடத்தை முதலில் அந்த இடத்திலேயே, உள்ள அளவில், தரையில் வரைய வேண்டும். அது அவருடைய சட்டம். குச்சி அடித்துக் கயிறு கட்டுவோம். கயிற்றை ஒட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவுவோம். நடைபாதைக்கு இரட்டைக் கோடு, மரத்துக்கு வட்டம், பூம்பாத்திக்குச் சதுரம். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஊர் ஜனம் ஒரு வாரம் அதன்மேல் நடமாடட்டும். கோடு எங்கே மிதிபட்டு அழிகிறதோ அங்கே நம் புத்தி தப்பு. எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே நாம் தப்பித்தோம். "காகிதம் எதிர்த்துப் பேசாது. தரை பேசும். அதாக்கும் வித்தியாசம்" என்பார்.

இப்போது குளத்துவிளைக்கு வருகிறேன்.

நகரத்தின் வடக்கு ஓரமான கழக்கூட்டத்தில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் பின்புறம் உள்ள பகுதி. எப்போதோ குளமாக இருந்து தூர்ந்துபோன ஒரு திறந்தவெளி. அதற்கு ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுகள், பள்ளத்தில் இறங்கும் சந்து. மறுபக்கம் அடுக்கு ஃபிளாட்டுகள், ஹாஸ்டல்கள். மூலையில் ஒரு சிறிய பகவதி கோயில். ஓரமாகப் பெரிய தூங்குமூஞ்சி மரங்களும் மாமரங்களும் வரிசையாக நிழல் விரித்திருக்கும். சாயங்காலமானால் ஓட்டு வீட்டுப் பையன்கள் நடுவில் பந்து விளையாடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, கும்ப மாசத்தில், அதாவது நம் மாசியில், பகவதிக்குப் பொங்காலை. ஆற்றுக்கால் பொங்காலை நகரத்தையே புகையில் மூழ்கடிக்கும் என்றால், இது அந்தப் பேட்டைக்கு மட்டுமான பொங்காலை. திறந்தவெளியில் பெண்கள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, புது மண்கலத்தில் பாயசம் பொங்குவார்கள்.

அங்கே ஒரு பூங்கா வேண்டுமென்று கேட்டது அந்தப் பேட்டைதான். ஆனால் அதே இடத்தை வண்டி நிறுத்துமிடமாக்க வேண்டுமென்று இன்னொரு கோரிக்கையும் மேலே போயிருந்தது. கழக்கூட்டத்தில் காரை நிறுத்த இடமில்லாமல் எல்லோரும் முழிக்கிற காலம். கவுன்சிலர் நல்ல மனுஷன், ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "மேடம், வார்டு சபைக்கு முன்னாடி இவங்க எல்லாரும் ஒரே பிளான்ல ஒத்துக்கிட்டா பூங்கா. இல்லைன்னா சிமெண்ட் போட்டுக் காரு நிறுத்துறதுதான். என் கையில ஒண்ணும் இல்ல."

என் பெயரில் முதன்முதலாக வந்த திட்டம் அது. அதற்கு முன்னெல்லாம் அடுத்தவர் திட்டத்துக்குக் கோடு போட்டவள்தான் நான். தோற்றால் பையன்களுக்கு மைதானம் போகும், பெண்களுக்குப் பொங்காலை போகும், ஃபிளாட்டுக்காரர்களுக்குக் காற்று போகும். எனக்கு? 'தோட்டத்துக்காரிக்குக் கொடுத்தா இப்படித்தான்' என்று யாராவது முனகுவார்கள். அந்த முனகலை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதித்தது.

ஒத்துக்கொள்கிற ஜனமா அது? மூன்று கூட்டம் போட்டேன், மூன்றும் சந்தைதான். பெண்கள் சார்பில் தங்கம் அக்கா. பாறசாலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், சந்தின் கடைசி வீடு, குரல் எடுத்தால் கோயில் மணி தோற்கும். "பகவதிக்க பொங்காலைக்கு முழு எடமும் வேணும், ஒரு சாண் கொறையப்பிடாது" என்றார். பந்து கிளப்பின் கேப்டன் ஷிபு, "சேச்சி, ஞங்களுக்கு முழு கிரவுண்டும் இல்லாம களிக்கான் பற்றாது" என்றான். ஃபிளாட் சங்கத்தின் செயலாளர் ஜேக்கப் சார் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர், இஸ்திரி போட்ட டிராக் சூட்டில் வந்து, "மேடம், ஒரு சிஸ்டம் வேணும். நல்ல இன்டர்லாக் சிமெண்ட் கல் போட்ட நடைபாதை, புல்தரை, சுத்தம். அடுப்பும் கரியும் பார்க்குக்குள்ள பற்றில்லா, கூடவே கூடாது" என்றார். ஷிஃப்ட் முடிந்து வருகிற ஹாஸ்டல் பெண்களுக்கு வெளிச்சமான ஒரு நடை வேண்டுமென்றும் அவர்தான் கேட்டார். அந்த விஷயத்தில் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

யாருக்கும் பாதகமில்லாமல் நான் ஒரு பிளான் வரைந்தேன். அதாவது, யாருக்கும் பிடிக்காத பிளான். நடுவில் கட்டம் கட்டமாக ஓர் அழகான பூந்தோட்டம், ஓரத்தில் மரத்தடியில் வளைந்து வளைந்து ஒரு நடைபாதை, பந்துக்கு ஒரு மூலை, பொங்காலைக்கு ஒரு மூலை. அந்தப் பூந்தோட்டக் கட்டங்களின் மேல் எனக்கு அப்படியொரு ஆசை. சார் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். தும்மினார். "கயிறை எடுத்துண்டு போ" என்றார்.

மகர மாசக் கடைசி. குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்பு தூவி முடித்தபோது முழங்கை வரை வெள்ளையாக இருந்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் கோலம் போட்ட மாதிரி இருந்தது. பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், ஐயோ சாமி! என் கோடுகள் மேலெல்லாம் செங்கல். ஒன்றிரண்டல்ல, குவியல் குவியலாக. மூன்று மூன்றாக முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் பெயர். சுமதி. ஷீஜாவும் மகளும். ராதா, மேலே வீடு. என் நடைபாதையின் இரட்டைக் கோடு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

பொங்காலைக்கு முன்பே கல் வைத்து இடம் பிடிப்பது இந்த ஊர் வழக்கம். ரோட்டோரம், நடைபாதை, வீட்டு வாசல் என்று எங்கே அடுப்பு மூட்டப் போகிறோமோ அங்கே முன்னதாகவே செங்கல்லை வைத்துப் பெயர் எழுதிவிடுவார்கள். வைத்த கல் வைத்ததுதான். இன்னொருத்தி கல்லை நகர்த்துவதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் சுண்ணாம்புக் கோட்டைப் பூங்காவாகப் பார்த்தேன். அவர்கள் பார்த்தது வேறு. கும்ப மாசம் நெருங்குகிற நேரத்தில் அரசு ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து தரையில் கோடு போட்டால் என்ன அர்த்தம்? இந்த வருஷம் பொங்காலைக்கு சர்க்காரே இடம் பிரித்துக் கொடுத்துவிட்டது என்று சந்து முழுக்கச் செய்தி பறந்து, விடிவதற்குள் செங்கல்லோடு ஓடி வந்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில். குனிந்து முதல் செங்கல்லை எடுத்தேன்.

"கல்லுல கை வைக்காதே, கேட்டியா!" சந்து முனையிலிருந்து தங்கம் அக்கா, கையில் துடைப்பத்தோடு. "அது ராதாக்க கல்லு. பகவதிக்கு வச்ச கல்லை எடுத்தா கை வெளங்குமா?"

"அக்கா, இது பொங்காலைக்குப் போட்ட கோடு இல்ல! பூங்காவுக்குப் போட்ட கோடு!"

"பூங்காவோ பாங்காவோ, கோடு போட்டது நீதானே? நீ கோடு போட்டே, நாங்க கல்லு வச்சோம்."

அதற்குள் ஜேக்கப் சார் காலை நடைக்கு வந்துவிட்டார். செங்கற்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெற்றிக் களை. "பார்த்தீங்களா மேடம்? நான் பறஞ்சதல்லே? இப்பவே இடத்தைக் கையேறிப் பிடிச்சுட்டாங்க" என்று போனில் படம் எடுக்கத் தொடங்கினார். ஷிபுவும் பல் தேய்த்துக்கொண்டே ஓடி வந்தான். என் கண்ணில் நீர் முட்டியது. வார்டு சபை வாசலில் நிற்கிறது. என் கோடு செங்கல்லுக்கு அடியில் கிடக்கிறது. மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்று கத்துகிறார்கள். அழுதுவிடக் கூடாது என்று எங்கேயாவது பார்க்க வேண்டியிருந்தது. நடு மைதானத்தைப் பார்த்தேன்.

அங்கே ஒரு செங்கல்கூட இல்லை.

நான் ஆசை ஆசையாகக் கட்டம் கட்டமாக வரைந்த பூந்தோட்டம் நடுவில் பளிச்சென்று கிடந்தது. அடுப்புக்கு இதைவிட வாகான சதுரம் எங்கே கிடைக்கும்? ஆனால் ஒருத்தியும் அங்கே கல் வைக்கவில்லை. அத்தனை கல்லும் ஓரத்தில், மரநிழலில், நடைபாதையை ஒட்டி, மைதானத்தைச் சுற்றி ஒரு வளையமாக இருந்தன.

"அக்கா, நடுவுல ஏன் யாரும் வைக்கல?"

தங்கம் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நடுவுல எங்க பிள்ளைய பந்து களிக்கண எடம்லா? அங்க அடுப்பு போட்டு, கரியும் ஓட்டுச்சில்லும் கெடந்து அதுக காலு கிழியட்டும்னா சொல்லுக? அதுவும் இல்லாம உச்சி வெயில்ல நடுவுல போயி நிக்க எங்களுக்கென்ன கிறுக்கா?"

"அப்புறம் ஏன் கூட்டத்துல முழு இடமும் வேணும்னு கேட்டீங்க?"

"நல்ல கூத்து! முழுசும் கேட்டாத்தான பாதியாவது தருவிய?"

நான் சிரித்த சிரிப்பில் ஜேக்கப் சார் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். அழுகை போன இடம் தெரியவில்லை. அத்தனை கூட்டத்திலும் வாயால் ஒன்று கேட்டுவிட்டு, கல்லால் வேறொன்று சொல்லியிருக்கிறார்கள்! போனக்காட்டுப் பெரட்டுக் களம் ஞாபகம் வந்தது. அங்கே யாரும் மூலை பிரித்துக் கொடுக்கவில்லையே. காலைக்கு ஒரு வேலை, மாலைக்கு ஒரு வேலை என்று தரைதானே மாறிக்கொண்டது? நான் என்னத்துக்கு இந்த இடத்தைக் கேக் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தேன்?

ராதாவின் கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அருகே கிடந்த உபரிச் செங்கற்களைக் காட்டி ஷிபுவிடம் சொன்னேன்: "பேச்சு வேண்டாம். உங்களுக்கு எங்கே வேணுமோ அங்கே நீங்களும் கல் வைங்க." ஜேக்கப் சாரிடமும் அதையே சொன்னேன். "ஞானோ? கல்லோ?" என்று அவர் திகைத்தார். டிராக் சூட்டில் சிவப்புத் தூசி படக் கூடாதென்று இரண்டு விரலால் ஒவ்வொரு செங்கல்லாகத் தூக்கிக்கொண்டு, தினமும் நடக்கிற வழியிலேயே போய்ப் போய் வைத்துவிட்டு வந்தார். பையன்கள் நடு மைதானத்துக்கு நான்கு மூலையிலும் வைத்தார்கள்.

வைத்து முடித்தபின் பார்த்தால், பையன்கள் நடுவில். பெண்கள் வளையத்தில். ஜேக்கப் சாரும் அதே வளையத்தில், பெண்களின் கல்லுக்குப் பக்கத்திலேயே. தகராறு மிஞ்சியது இரண்டு கட்சிக்குத்தான், அதுவும் அந்த ஒரு வளையத்துக்குத்தான். அதிலும் ஒரு கட்சிக்கு அது வருஷத்தில் ஒரு நாள் போதும்.

அப்போது குடையோடு சார் வந்தார். ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்றுகூட உருப்படியாக இல்லை. சபிக்கப் போகிறார் என்று நின்றேன்.

"இதென்ன, சூளையா?" என்றார்.

மூச்சு விடாமல் சொன்னேன். நடுவில் பூந்தோட்டம் வேண்டாம், மைதானம் அப்படியே இருக்கட்டும். அதை ஒரு படி தாழ்த்தினால் சந்துக்குள் பாயும் மழைத்தண்ணீர் அங்கேயே நிற்கும். அந்தப் படி பார்க்கிறவர்களுக்கு உட்காரும் இடம். சுற்றி மரநிழலில் அகலமாக ஒரு நடைவளையம். அதுவே கும்ப மாசத்தில் பொங்காலை வளையம். பந்துக்குப் போடுகிற விளக்கே நடைக்கும் வெளிச்சம் என்று கொட்டித் தீர்த்தேன். சார் வளையத்தை ஒருமுறை முழுசாக நடந்து சுற்றி வந்தார். ஒவ்வொரு பெயரையும் வாசித்தார்.

"அடுப்பு எரிச்சா இன்டர்லாக் தாங்குமோ?" என்றார்.

ஜேக்கப் சார் உடனே பிடித்துக்கொண்டார். "அதே! அதுதான் சார் நான் பறயறது. கரி பிடிச்ச பாதையில யாரு நடப்பா?"

"தாங்குமோ தாங்காதோ, மூட்டிப் பார்த்துடறது" என்றார் சார் என்னிடம். "நாளைக்கு. எல்லாருக்கும் முன்னாடி."

மறுநாள் மரத்தடியில் இரண்டு துண்டுத் தரை போட்டோம். ஒன்றில் ஜேக்கப் சார் ஆசைப்பட்ட இன்டர்லாக். இன்னொன்றில் மணல் பரப்பி, அதன்மேல் சூளைச் செங்கல்லைச் சரிவாக நிறுத்தி நெருக்கி அடுக்கியது. இரண்டிலும் அடுப்பு. ஒன்றைத் தங்கம் அக்கா மூட்டினார். இன்னொன்றை, அரசு முத்திரை போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு நானே மூட்டினேன். சார் பக்கத்தில் குனிந்து நின்று ஒரு பழைய ஃபைல் அட்டையால் விசிறினார். வேடிக்கை பார்க்கப் பேட்டையே கூடிவிட்டது.

பாயசம் கொதிக்கத் தொடங்கிய நேரம், தங்கம் அக்காவின் அடுப்பிலிருந்து படார் என்று ஒரு சத்தம். இன்டர்லாக் வெடித்து ஒரு சில்லு தெறித்து ஜேக்கப் சாரின் வெள்ளை ஷூவுக்கு முன்னால் விழுந்தது. "என்றம்மோ!" என்று அவர் பின்னால் குதித்தார். பையன்கள் விசிலடித்தார்கள். என் அடுப்புக்கடியில் செங்கல் அசையவில்லை. அது ஏற்கெனவே சூளையில் வெந்ததல்லவா, இன்னொரு தீ அதற்கு என்ன? சாம்பலை அள்ளிவிட்டு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தேன். மங்கலாக ஒரு கறுப்பு, அவ்வளவுதான். அடுத்த மழைக்கு அதுவும் நிற்காது.

தங்கம் அக்கா ஒரு வாழையிலைத் துண்டில் பாயசம் வைத்து ஜேக்கப் சாரிடம் நீட்டினார். "தின்னும் சாரே. உம்ம பாதையில வச்சதாக்கும்."

அவர் தின்றார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு நாள் மட்டும் அல்லே? அன்னைக்கு நான் ரோட்டுல நடக்கிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு ஒரு குடம் பாயசம் வைத்துக் கொடுத்திருப்பேன்.

வார்டு சபையை அந்த மைதானத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் புதிய வரைபடத்தை விரித்தபோது யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்களே கல் வைத்து அவர்களே நடந்த பிளான், அதை எதற்குப் பார்ப்பது? கவுன்சிலர், "எதிர்ப்பு உள்ளவங்க கை தூக்கலாம்" என்றார். ஒரு கை எழவில்லை. ஒரு குழந்தை எதற்கோ கையைத் தூக்க, தங்கம் அக்கா எட்டி அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் சபை முடிந்தது. வண்டி நிறுத்துமிடம் என்ற பேச்சு அன்றோடு போயிற்று.

அன்று வழக்கம்போல் சார் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பவில்லை. நேராக வைத்தே கையெழுத்துப் போட்டார். "தரக்கேடில்லை" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்கு மாறிவிட்டாள்.

பூங்கா கட்டி முடிந்து திறப்பு விழா நடந்தது. மேடை, மாலை, செண்டை மேளம். வாசலில் பளபளவென்று கல்வெட்டு. அதில் என் பெயர் இல்லை. கூட்டத்தின் பின்னால் நின்று மேலிருந்து கீழாக இருமுறை வாசித்துப் பார்த்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வலித்தது.

அந்த வருஷம் இடவப்பாதி மழை, வைகாசி நடுவில் தொடங்கும் பருவமழை, ஆவேசமாக வந்தது. விடியற்காலையிலேயே பஸ் பிடித்துக் குளத்துவிளைக்கு ஓடினேன். மைதானம் குளமாகி நின்றது, வரைபடத்தில் நான் காட்டிய அளவுக்கு, படி விளிம்பு வரை. ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. கீழே சந்தில் தங்கம் அக்கா வீட்டு வாசல் ஈரம் மட்டும்தான். ஒவ்வொரு மழைக்கும் கட்டில்மேல் அடுப்பை ஏற்றி வைத்த வீடு அது. அக்கா வாசலில் நின்றபடி என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். பையன்கள் தண்ணீரில் பந்தை மிதக்கவிட்டுக் கும்மாளம் போட்டார்கள்.

படியில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. ஓய்வு பெற்றுவிட்ட மனுஷன், அந்த மழையில், கரமனையிலிருந்து வந்து நிற்கிறார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் படியில் எதுவரை நிற்கிறது என்று குனிந்து பார்த்தார்.

"நன்னாருக்கு" என்றார்.

சத்தியமாகச் சொன்னார். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று "என்ன சார்?" என்றேன். "ஒரு தரந்தான் சொல்லுவேன்" என்று குடையைச் சரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பிறகு கும்ப மாசம் வந்தது. புதுப் பூங்காவில் முதல் பொங்காலை. நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கல் வைத்து இடம் பிடிக்க நான் என்ன அந்தப் பேட்டைக்காரியா? வளையம் முழுக்கப் புகை, பூ, புது மண்கலம். நடக்க இடமில்லை, ஜேக்கப் சார் சொன்ன வாக்குத் தவறாமல் வெளியே ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். நான் சுற்றிக்கொண்டே தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்தேன். பூங்காவிலேயே நல்ல நிழல் அதுதான், குழாயும் பக்கம். அந்த இடத்துக்குத்தான் அடிதடி நடக்கும். அங்கே மட்டும் ஓர் அடுப்பு மூட்டாமல் காலியாகக் கிடந்தது. பக்கத்து அடுப்பில் தங்கம் அக்கா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போயிட்டு வாற? நேரமாச்சுல்லா? அரிசியும் சர்க்கரையும் கலமும் நான் கொண்டாந்திருக்கேன், எடுத்து வையி" என்றார், எப்போதும் என்னோடு பொங்குகிறவர்போல.

குனிந்து பார்த்தேன். மூன்று செங்கல். ஒரு கல்லில் சாக்பீஸில் மலையாளத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: செல்வராணி.

அஸ்வதி, கும்ப மாசம் வா. வாசலில் நின்று கல்வெட்டை வாசிக்காதே, நேராக மரத்தடிக்கு வா. வருஷா வருஷம் அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. வேறு யாரும் அந்தக் கல்லை நகர்த்த மாட்டார்கள்.